பின்னாலை வந்து நிக்கிறவர்

அவற்றை பேரை நான் இதிலை எழுதப் போறதில்லை. மறந்து போனதெண்டில்லை, இப்பவும் நாக்கு நுனியிலைதான் இருக்கு. தன்ரை பேரை ஆரும் சத்தமாச் சொல்லுறது அந்த மனுசனுக்குப் பிடிக்காது. எழுதினால் மட்டும் பிடிக்கப் போகுதே? அண்ணை எண்டே சொல்லுறன். என்னைவிட ஆறேழு வயசு மூப்பு, அவ்வளவுதான்.

அவரைக் கூப்பிட்டுப் பாத்தவைக்குத்தான் அந்த வித்தை தெரியும். நீங்கள் முன்னுக்குப் பாத்துக் கூப்பிடுவியள். மறுமொழி வராது. திரும்பவும் கூப்பிடுவியள். காத்துத்தான் வரும். எங்கை துலைஞ்சு போனார் எண்டு வாய்க்குள்ளை திட்டிக்கொண்டு திரும்பினால், ஆள் உங்கடை முதுகுக்குப் பின்னாலை நிப்பார். சப்பாத்துச் சத்தம் கூடக் கேக்காது. கூப்பிட்டது ஆரெண்டு முதல் தூர நிண்டு பாப்பார். பேந்து மதிலைச் சுத்தி, வீட்டைச் சுத்தி வந்து, பின்னாலை நிண்டு இன்னொருக்காப் பாப்பார். எல்லாம் சரியெண்டால்தான் மெல்லமா "என்ன தம்பி?" எண்டு கேப்பார். எத்தினை தரம் என்ரை உயிர் போய் வந்திருக்கும்! "உங்கடை கழுத்திலை ஒரு மணி கட்டிவிட வேணும் அண்ணை" எண்டு ஏசியிருக்கிறன். சிரிப்பார். சிரிச்சுப்போட்டு அடுத்த நாளும் அதைத்தான் செய்வார்.

ஒருக்கா அவருக்குக் கடைவாய்ப் பல்லு வீங்கிப்போச்சு. சுவிஸிலை, பீல் பட்டினத்திலை ஒரு பல்லு டொக்டரிட்டைக் கூட்டிக்கொண்டு போனனான். ரண்டு பேரும் பக்கத்திலை பக்கத்திலை கதிரையிலை இருக்கிறம். உள்ளையிருந்து வந்த நேர்ஸ் பெட்டை அவற்றை பேரை வாயுக்கை போட்டுச் சப்பிக் கூப்பிட்டாள். நான் திரும்பிப் பாக்கிறன், பக்கத்துக் கதிரை வெறுங்கதிரை. மனுசன் எப்ப எழும்பினார், எப்ப கதவாலை போனார், ஒண்டும் தெரியாது. பெட்டை ஜன்னல் பக்கம் திரும்பினாள். வெளியாலை, தெருவிலை நிண்டு, வீங்கின கன்னத்தோடை கண்ணாடிக்குள்ளாலை அவளைப் பாத்துக்கொண்டு நிக்கிறார். அவள் போட்ட கூச்சலிலை டொக்டர் ஊசியோடை ஓடிவந்தார். எனக்குச் சிரிப்பை அடக்க ஏலாமல் போச்சு. வெக்கமாயும் இருந்தது.

இது எண்பதுகளின்ரை நடுவிலை. அகதி எண்டு பதிஞ்சவனுக்கு அப்ப ஒண்டில் ஹோட்டல் குசினி, இல்லாட்டில் தோட்டம். நான் பேர்ணிலை ஒரு குசினியிலை சட்டி தேய்ச்சனான். குசினிப் பெரியவன் ஒரு நாள் என்னைப் பாத்து ஏதோ சொல்ல, நானும் திருப்பி ஏதோ சொல்ல, அண்டோடை அந்த வேலை சரி. பேந்துதான் பீல் ஏரிக்கரையிலை ஒரு முந்திரிகைத் தோட்டத்திலை இடம் கிடைச்சது. திராட்சை எண்டு சொன்னால்தான் சிலருக்கு விளங்கும். நான் போகேக்கை அண்ணை அங்கை ஏற்கெனவே வேலை செய்துகொண்டு இருந்தவர்.

தோட்டக்காரி ஒரு மனுசி. புருசன் இல்லை, பிள்ளையள் சூரிச்சிலை. மேடம் எண்டதை நாங்கள் மடம் எண்டுதான் கூப்பிடுறது. ஆள் கட்டை, குரல் மட்டும் கோயில் மணி. கரையிலை நிண்டு கூப்பிட்டாலும் மலைச்சரிவிலை மேல் வரிசையிலை நிக்கிறவனுக்குக் கேக்கும். அந்தக் கரை முழுக்க எல்லாரும் வைக்கிறது ஷாஸ்லா எண்ட ஒரு வெள்ளை முந்திரிகை. லேசான வைன் வரும், ஏரி மீனோடை ரண்டு கிளாஸ் குடிச்சுப்போட்டு எழும்பிப் போகலாம். மடம் என்ன செய்தவ தெரியுமோ? தகப்பன் வைச்ச ஷாஸ்லாக் கொடியளிலை மேல் வரிசையளைப் பிடுங்கி எறிஞ்சுபோட்டு, ஷார்டொனே எண்ட சாதியை நட்டவ. அது போதாதெண்டு, வைனிலை மர வாசம் ஏற, பிரான்சிலையிருந்து புது ஓக் மரப் பீப்பாயள் இறக்கினவ. அரசனை நம்பிப் புருசனைக் கைவிட்ட கதையெண்டு ஊர் முழுக்கக் கதை. "வைன் வேணுமெண்டால் எங்களிட்டை வா, பலகை வேணுமெண்டால் அவவிட்டைப் போ" எண்டு பக்கத்துத் தோட்டக்காரன் எனக்கே சொன்னவன்.

மண் சுண்ணாம்புக்கல்லு மண். முதல் நாள் மண்வெட்டி போட்ட உடனை 'டங்' எண்டு கேட்ட சத்தத்திலை, அட, யாழ்ப்பாணத்திலை கிணறு வெட்டுற மாதிரிக் கிடக்குதே எண்டு நினைச்சன். ஷார்டொனேக்கு அந்தக் கல்லு நல்லதாம். கல்லு பகல் வெயிலைப் பிடிச்சு வைச்சு, பழத்துக்குக் குடுக்குமாம். ஆனால் அந்தக் கொடி ஒரு அவசரக்குடுக்கை. மற்றதுகளுக்கு முதல் துளிர்க்கும், பிந்தின பனி விழுந்தால் முதல் கருகுறதும் அதுதான். சித்திரை முழுக்க மடம் வானத்தைப் பாத்தபடிதான் திரிவா.

அண்ணை தன்ரை கதையைச் சொன்னது தோட்டத்திலை வைச்சுத்தான். கொடி வெட்டி முடிஞ்சு, மிச்சம் விட்ட ஒரு தடியை வளைச்சுக் கம்பியோடை கட்டுற காலம். காய்ஞ்ச நாளிலை வளைச்சால் படக்கெண்டு முறியும். மழை பெய்து ஈரமாயிருக்கிற நாளிலை வளைச்சால் சொன்னது கேக்கும். அண்டைக்கு அப்பிடி ஒரு தூறல் நாள். நான் வழக்கம்போலை அவரைச் சீண்டிக்கொண்டு கட்டினன்.

எங்கடை பக்கம் ஒரு பழக்கம் இருக்கு. பொழுதுபட்ட பிறகு ஆரும் பேர் சொல்லிக் கூப்பிட்டால் உடனை ஏன் எண்டு கேக்கக் கூடாது. மூண்டு தரம் கூப்பிட விட வேணும். பேய் மூண்டாந்தரம் கூப்பிடாதாம். நான் அண்ணையும் அந்தக் கோஷ்டி எண்டுதான் நினைச்சுக்கொண்டு இருந்தனான். "சுவிஸ் பேய்க்கு உங்கடை பேர் வாயுக்கை நுழையாது அண்ணை, பயப்பிடாமல் மறுமொழி சொல்லுங்கோ" எண்டன்.

அவர் தடியை விடாமல் சொன்னார். "பேயில்லைத் தம்பி. விடிஞ்சு வெளிச்சம் வந்த பிறகுதான் கூப்பிட்டவங்கள்."

நான் கட்டுறதை விட்டிட்டு அவரைப் பாத்தன்.

"நான் கிணத்தடியிலை பல்லு விளக்கிக்கொண்டு நிக்கிறன். தம்பி முன் விறாந்தையிலை இருந்து படிக்கிறான். வாசல் படலையிலை ஆரோ என்ரை பேரைச் சொல்லிக் கூப்பிட்டது எனக்கும் கேட்டது. வாய் நிறையத் தண்ணி. அவன் 'ஓம், வாறன்' எண்டான். என்ரை பேருக்கு அவன் ஓம் எண்டான். நான் கொப்பளிச்சு, முகத்தைத் துடைச்சுக்கொண்டு முன்னுக்கு வாறன், படலை திறந்து கிடக்குது."

"ஆர் அண்ணை கூப்பிட்டது?"

"தெரியாது. குரலை மட்டும் தெரியும். இன்னொருக்காக் கேட்டால் ஆரெண்டு மட்டுக்கட்டுவன்."

அதுக்குப் பிறகு தம்பியைப் பற்றி ஒரு தகவலும் இல்லையாம். இருக்கிறானோ இல்லையோ எண்டு கூடத் தெரியாது. தாய்மனுசிதான் இவரை வெளிநாட்டுக்குத் தள்ளிவிட்டவ. "ஆர் கூப்பிட்டாலும் வாய் திறக்காதை ராசா, முதல் ஆளைப் பார்" எண்டு சொல்லி அனுப்பினவவாம். எனக்கு மழைக்குள்ளை நிண்டு அழுகை வந்தது. அண்ணை என்ரை தோளிலை தட்டி, "கட்டு, கட்டு, ஈரம் காயப் போகுது" எண்டார்.

சரி, இனி கெல்லர் கதைக்கு வாறன். கெல்லர் எண்டால் வீட்டுக்குக் கீழை இருக்கிற நிலவறை. மடத்தின்ரை வீடு சரிவிலை கட்டினது. முத்தத்துப் பக்கத்திலையிருந்து கல்லுப் படியிலை உள்ளை இறங்கலாம். கீழ்ப்பக்கம் தெருவுக்கு ஒரு சின்னக் கதவும் இருக்கு. பழம் பறிக்கிறது புரட்டாதி கழிய. குருவி கொத்தாமல் போட்ட வலையைச் சுருட்டிப்போட்டு, குலை குலையா வெட்டிச் சின்னப் பெட்டியிலை நசியாமல் கொண்டுவர வேணும். அப்பிடியே குலையோடை மெல்லப் பிழிஞ்சு, வாற சாறை ஒரு இரவு அடைய விட்டு, அடுத்த நாள் ஓக் பீப்பாயளிலை விடுறது. மற்ற ஆக்கள் தகரத் தாங்கியிலை பொங்க விடுவினம். மடம் பீப்பாவுக்குள்ளையே பொங்க விட்டவ. ரண்டு மூண்டு நாளிலை பீப்பா வாயிலை காதை வைச்சால், முட்டியிலை இறக்கின கள்ளு மாதிரிக் கிசுகிசுத்துக்கொண்டு கிடக்கும்.

அந்தக் கிசுகிசுப்பிலை வாறது ஒரு காத்து. மணமில்லை, நிறமில்லை. பாரமெண்டபடியாலை நிலத்தோடை தேங்கி நிக்கும். குனிஞ்சவன் நிமிரமாட்டான். மடத்தின்ரை தகப்பனிட்டை வேலை செய்த ஒருத்தன் அந்தக் கெல்லருக்கையே அப்பிடிச் செத்துக் கிடந்தவனாம். அவ அப்ப சின்னப் பிள்ளை. தன்ரை கண்ணாலை கண்டவ. அதாலை பொங்குற காலத்திலை கீழ்ப் படியிலை எப்பவும் ஒரு மெழுகுதிரி எரியும். அது நூர்ந்தால், அணைஞ்சு போனால், காத்து நிறைஞ்சிட்டுது எண்டு அருத்தம், ஒருத்தரும் உள்ளை போகக் கூடாது. இன்னொரு சட்டமும் இருந்தது. கீழை ஆள் நிக்கேக்கை அவ மேல் படியிலை நிண்டு பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பா. கீழை நிக்கிறவன் உடனை "டா" எண்டு சத்தம் குடுக்க வேணும். அவையின்ரை டொச்சிலை, அதுதான் ஜேர்மன் பாஷையிலை, 'இஞ்சை நிக்கிறன்' எண்டு அருத்தம். ஒரு முதலாளியம்மாவைப் பாத்து டா போட்டு ஆறுதலடைஞ்ச தமிழன் அந்த நாளிலை நான் ஒருத்தனாத்தான் இருப்பன்.

நான் டா எண்டுவன். அண்ணை என்ன செய்வார்? அவ மேலை நிண்டு கூப்பிடுவா. இவர் கையிலை இருக்கிறதை வைச்சுப்போட்டு, கீழ்க் கதவாலை தெருவுக்கு வந்து, வீட்டைச் சுத்தி ஏறி, அவவுக்குப் பின்னாலை வந்து நிப்பார். அவ படிக்குக் கீழை இருட்டைப் பாத்துக் கத்திக்கொண்டு நிப்பா, முதுகிலை இவற்றை மூச்சு விழும். முதல் தரம் அவ நெஞ்சைப் பிடிச்சுக்கொண்டு படியிலை இருந்திட்டா. ரண்டாந்தரம் ஏசினா. மூண்டாந்தரம் என்னைக் கூப்பிட்டுச் சொன்னா: "அவனுக்குச் சொல்லு. மறுமொழி இல்லையெண்டால் அவன் செத்திட்டான் எண்டுதான் நான் எடுப்பன். எனக்கு அது ஏலாது. சத்தம் குடுக்காத ஆளுக்கு என்ரை கெல்லரிலை வேலையில்லை."

நான் நடுவிலை நிண்டு சமாளிச்சன். வாய் வராதெண்டால் பீப்பாவிலை தடியாலை தட்டட்டும் மடம் எண்டன். அவவுக்கு விருப்பமில்லை, எண்டாலும் தலையாட்டினா. கொஞ்ச நாள் அது ஓடினது. அவ கூப்பிடுவா, கீழையிருந்து டொக் டொக் எண்டு கேக்கும். உயிருள்ள ஒரு மனுசன் சவப்பெட்டிக்குள்ளையிருந்து தட்டுற மாதிரி இருக்கும். மடமும் அந்தச் சத்தம் வரேக்கை முகத்தைத் திருப்பிக்கொள்ளுவா.

பேந்து அந்தப் பின்னேரம் வந்தது. நான் முத்தத்திலை பிழியிற யந்திரத்தைத் தண்ணியடிச்சுக் கழுவிக்கொண்டு நிக்கிறன். அண்ணை கீழை. மெழுகுதிரி நூர்ந்ததை அவர் கண்டிட்டார். கண்ட உடனை புத்தியாக் கீழ்க் கதவாலை வெளியிலை போட்டார், கதவும் தன்பாட்டிலை சாத்துப்பட்டுப் போச்சு. அவற்றை ஜக்கெற் மட்டும் படிக்குப் பக்கத்திலை ஆணியிலை தொங்குது.

மடம் மேல் படிக்கு வந்து கூப்பிட்டா. தட்டுச் சத்தம் இல்லை. கூப்பிட்டா. திரி நூர்ந்து கிடக்கிறதைக் கண்டா, ஜக்கெற்றைக் கண்டா. பேந்து அவ கூப்பிட்ட குரல் அவவின்ரை குரலே இல்லை. தண்ணிச் சத்தத்துக்குள்ளாலை எனக்கே அது வேறை ஆரோ மாதிரித்தான் கேட்டது. தெருவிலை நிண்ட அண்ணைக்கும் கேட்டிருக்கு. தன்ரை பேரை, தனக்குத் தெரியாத ஒரு குரல், அந்தமாதிரிக் கத்துது. அவர் மதிலோடை ஒட்டி நிண்டிட்டார். பேந்து பழக்கதோஷம், சுத்தி வர வெளிக்கிட்டார்.

நான் தண்ணியை நிப்பாட்டிப்போட்டு நிமிரேக்கை அவர் வந்து சேர்ந்திட்டார். எப்பவும் நிக்கிற இடத்திலை, எப்பவும் நிக்கிற மாதிரி வந்து நிண்டார். அவருக்கு முன்னாலை ஆள் இல்லை.

"மடம் எங்கை?" எண்டார்.

அவ அவரைத் தேடிக் கீழை இறங்கீட்டா எண்டு அப்பதான் எனக்கு விளங்கினது. படியைக் கையாலை காட்டினன்.

அந்த முகத்தை நான் சாகுமட்டும் மறக்கமாட்டன். மூச்சை இழுத்துப் பிடிச்சுக்கொண்டு இறங்கினார். நான் வீட்டைச் சுத்தி ஓடிப் போய்க் கீழ்க் கதவைத் தோளாலை மோதித் திறந்தன். அந்த வெளிச்சத்தைப் பாத்து, அவவை அக்குளிலை பிடிச்சு இழுத்துக்கொண்டு வந்தார். ரண்டு பேரும் தெருக்கல்லிலை விழுந்தவை. மடத்தின்ரை முகம் சாம்பல். பக்கத்து வீட்டுக்காரர் ஓடிவந்து, அம்புலன்சுக்குச் சொல்லி, நெஞ்சை அமத்தி, ஐயோ, அதெல்லாம் எப்பிடி நடந்ததெண்டு எனக்கு ஒழுங்கா நினைவில்லை. நினைவிருக்கிறது ஒண்டுதான். அண்ணை அவவுக்குப் பக்கத்திலை முழங்காலிலை இருந்து, நெஞ்சு ஏறி இறங்க, "ஓம். ஓம். வாறன். ஓம்" எண்டு சொல்லிக்கொண்டே இருந்தார். கூப்பிட்டு முடிஞ்சு எவ்வளவோ நேரம். அவர் மறுமொழி சொல்லிக்கொண்டு இருந்தார்.

மடம் தப்பீட்டா. ஆஸ்பத்திரியிலை கொஞ்ச நாள் வைச்சிருந்துபோட்டு விட்டவை. நான் எங்கடை சீட்டுக் கிழிஞ்சுதெண்டு உடுப்பெல்லாம் மடிச்சு வைச்சிட்டன். அவ வந்த உடனை என்னைக் கூப்பிட்டு, "ஏன் அவன் மறுமொழி சொல்லுறதில்லை?" எண்டு கேட்டா. எனக்குத் தெரிஞ்ச அரைகுறை டொச்சிலை, கிணத்தடி, தம்பி, படலை, எல்லாம் சொன்னன். சொல்லுக்குப் பஞ்சம் வந்த இடத்திலை கையாலை சொன்னன். அவ ஏரியைப் பாத்துக்கொண்டு கேட்டா. கேட்டு முடிய, "என்ரை குரலை அவன் பழக வேணும்" எண்டு மட்டும் சொன்னா.

அடுத்த நாளிலையிருந்து தொடங்கினது. காலமை முத்தத்திலை போர்வையோடை கதிரையிலை இருந்துகொண்டு, முன்னாலை நிக்கிற மனுசனைப் பேர் சொல்லிக் கூப்பிடுவா. கண்ணாலை கண்டுகொண்டே கூப்பிடுவா. கூப்பிட்டுப்போட்டுக் காத்திருப்பா. அண்ணைக்கு உதடு அசையும், சத்தம் வராது. நெத்தியிலை வேர்க்கும். அந்தக் குளிருக்குள்ளை வேர்க்கும். எனக்குப் பொறுக்கேல்லை, விடுங்கோ மடம் எண்டன். அவ கையைக் காட்டி என்னை நிப்பாட்டினா. பனையாலை விழுந்தவனை மாடேறி மிதிச்ச மாதிரி இது என்ன வேலையெண்டு எனக்குக் கோவம். ஆனால் அண்ணை எழும்பிப் போகேல்லை. ஒவ்வொரு காலமையும் வந்து நிண்டார். ஒரு நாள் ஓம் எண்டு ஒரு சத்தம் வந்தது. தவளை மாதிரி. மடம் தலையாட்டிப்போட்டுக் கோப்பி ஊத்திக் குடுத்தா.

மாரி முழுக்க வைன் பீப்பாவுக்குள்ளை தன்ரை மண்டியிலையே கிடந்தது. மண்டியை எறியக் கூடாது. கிழமைக்கொருக்கா மூடியைத் திறந்து, நீளத் தடியை விட்டு அடியைக் கலக்கி விட வேணும். அப்பதான் வைனுக்குச் சதை பிடிக்குமாம். மரம் வேறை உறிஞ்சிக் குடிக்கும், குறைய விட்டால் காத்துப் பட்டுக் கெட்டுப்போகும். குறையக் குறைய நிரப்பிக்கொண்டே இருக்க வேணும். அண்ணைதான் கலக்கிறவர். மடம் மேலை நிண்டு கூப்பிடுவா. கீழையிருந்து "ஓம்" எண்டு வரும். டா எண்டு அவர் ஒருநாளும் சொல்லேல்லை, ஓம் மட்டுந்தான். மடத்துக்கு அது போதும். முதல் நாள் வந்தது அரைக்குரல். தை மாசத்திலை முழுக்குரல். மாசி, பங்குனி வர, அவ பேரைச் சொல்லி முடிக்க முதலே ஓம் வந்துவிடும்.

நான் சும்மா இருப்பனே? "அண்ணை!" எண்டு கத்துவன். "ஓம்!" "ஒண்டுமில்லை, சும்மா!" "எடேய், உனக்கு வேலையில்லையோ!" மலைச்சரிவு முழுக்க அவற்றை குரல். அவ்வளவு நல்ல குரல் எண்டு எங்களுக்கு ஆருக்கும் தெரியாது. ஒருத்தருக்கும் பின்னாலை அவர் வந்து நிக்கிறதை விட்டிட்டார். எனக்கெண்டால் என்ரை சொந்தத் தமையன் எழும்பி நடந்த மாதிரிச் சந்தோசம்.

சித்திரையிலை கெல்லர் கொஞ்சம் சூடேற, வைன் இன்னொருக்கா மெல்லப் பொங்கினது. பச்சை அப்பிளைக் கடிச்ச மாதிரிக் கூசின புளி, பால் புளி மாதிரி அடங்கினது அதுக்குப் பிறகுதான். மடம் கண்ணாடிக் குழாயாலை பீப்பாவுக்குள்ளையிருந்து எடுத்து எங்களுக்குத் தருவா. அண்ணை சைவம், குடியும் இல்லை. மணந்து பாத்துப்போட்டு என்னட்டைத் தருவார். நான் அவற்றை பங்கையும் சேத்துக் குடிச்சன்.

ஆடி மாசம் ஊரிலை சண்டை நிண்டுபோச்சு எண்டு கதை வந்தது. சமாதானமாம். அதோடை இன்னொரு கதை: பிடிச்சு வைச்சிருந்த பெடியளை விடுறாங்களாம், பஸ் பஸ்ஸாக் கொண்டுவந்து இறக்குறாங்களாம். அண்டைக்கே அண்ணை முடிவெடுத்திட்டார். "தம்பியும் வருவான். வந்து படலையிலை நிண்டு கூப்பிடேக்கை ஆள் இருக்க வேணும்" எண்டார். நான் சொல்லிப் பாத்தன், ஏசிப் பாத்தன், கொஞ்சம் பொறுத்துப் போங்கோ எண்டு கெஞ்சியும் பாத்தன். மடம் வைனைப் போத்திலிலை ஏத்துமட்டும் நில்லெண்டா. அவர் சிரிச்சார். போற காலமை அவ ஒரு கிளாசிலை எடுத்து நீட்ட, என்ன நினைச்சாரோ, ஒரு வாய் குடிச்சார். "பறவாயில்லை, மடம்" எண்டார். ஒரு வருச உழைப்புக்கு அந்த மனுசன் குடுத்த மார்க் அதுதான். பீல் ஸ்ரேசனிலை ரெயில் வெளிக்கிடேக்கை அவ பேர் சொல்லிக் கூப்பிட்டா. ஜன்னலாலை தலையை நீட்டி, பிளாட்போம் முழுக்கத் திரும்பிப் பாக்க, "ஓம்!" எண்டு கத்தினார்.

ஐப்பசியிலை ஊரிலை திரும்பவும் சண்டை தொடங்கீட்டுது. அதுக்குப் பிறகு ஒரு தொடர்பும் இல்லை.

மார்கழியிலை ஒரு ஞாயிற்றுக்கிழமை லாங்கன்தாலிலை ஒரு சிநேகிதன் வீட்டிலை பிள்ளைக்குப் பிறந்தநாள். அங்கை புதுசா வந்த ஒருத்தர் நிண்டார். கதைச்சுக்கொண்டு போக அண்ணையின்ரை ஊர் எண்டார். நான் ஆவலாக் கேட்டன். அந்தாளின்ரை முகம் மாறினது.

"தெரியாதோ உங்களுக்கு? அவரைச் சாக்காட்டிப்போட்டாங்கள்."

"ஆர்?"

"ஆரெண்டு ஆருக்குத் தெரியும்? விடியப்புறம் படலையிலை பேர் சொல்லிக் கூப்பிட்டவங்களாம். தாய் அடுப்படியிலையிருந்து 'வாய் திறக்காதை' எண்டு சொல்ல வாயெடுக்க முதலே, இவர் 'ஓம், வாறன்' எண்டு போட்டாராம். தம்பியெண்டு நினைச்சாரோ என்னவோ. முந்தி அப்பிடியில்லை அந்தாள். எத்தினை தரம் கூப்பிட்டாலும் மூச்சுக் காட்டாது."

கேக் வெட்டினவை. என்ரை கையிலை ஒரு துண்டு தந்தவை. நான் அதை எங்கை வைச்சனெண்டு தெரியாது.

அடுத்த நாள் வேலைக்குப் போனால், மடம் முகமெல்லாம் சிரிப்பு. போத்தில் ஏறின வைனை அண்டைக்குத்தான் முதல் திறந்து பாத்திருக்கிறா. என்னை வாய் திறக்க விடாமல் ஒரு கிளாஸ் ஊத்தித் தந்தா. வெளிறின வைக்கோல் நிறம். முதல் மணம் வறுத்த பாண், அதுக்குப் பின்னாலை வெண்ணெய், அதுக்கும் பின்னாலை துருவின தேங்காய் மாதிரி ஒண்டு. மரம் தனியா, பழம் தனியா நிக்கேல்லை, ரண்டும் ஒண்டாக் கலந்து போச்சு. விழுங்கின பிறகும் கனநேரம் நாக்கிலை நிண்டது. ஊரே சிரிச்ச வைன். அவ வெண்டிட்டா. நான் மிச்சத்தைக் குடிக்கேல்லை.

"என்ன, நல்லா இல்லையோ?" எண்டா.

சொன்னன். படலை, விடியப்புறம், கூப்பிட்டது. இந்தத் தரம் எனக்கு டொச் சொல்லுகள் எல்லாம் ஒழுங்கா வந்தது.

அவ கிளாசை மேசையிலை வைச்சா. பேந்து என்ரை முகத்தைப் பாக்காமல் கேட்டா.

"மறுமொழி சொன்னவனோ?"

பொய் சொல்லியிருக்கலாம். எனக்கு அந்த நேரம் ஒண்டும் ஓடேல்லை.

"ஓம், மடம். முதல் கூப்பிட்டிலையே."

அதுக்குப் பிறகு இன்னும் ரண்டு அறுவடைக்கு நான் அங்கை நிண்டனான். அவ ஒருத்தரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டதை நான் கேக்கேல்லை. ஆளைத் தேடி, மூச்சு வாங்க வாங்க, மேல் வரிசை வரைக்கும் அவவே ஏறி வருவா.